ரெக்கேட்டான் கோசோங்: பாலும் சீனியும் போன பிறகு மிஞ்சும் தாளம்

சனிக்கிழமை மதியம். தேசிய சேவையில் இருக்கும் அக்கா மகன் முகாமிலிருந்து வந்தான், குளித்தான், சாப்பிட்டான், அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம். கண்ணாடி உடைவது போல ஒன்று, இரும்பைத் தரையில் இழுப்பது போல ஒன்று, நடுவே ஒன்றுமே இல்லாத இடைவெளி. கதவைத் தட்டி, "ஏன்டா, ஸ்பீக்கர் போயிடுச்சா?" என்றேன்.

"இல்ல மாமா, ரெக்கேட்டான்."

எனக்குத் தெரிந்த ரெக்கேட்டான் வேறு. கல்யாண விருந்தில் பிரியாணி முடிந்து கேக் வெட்டுவதற்கு முன்னால் டிஜே போடுவார்களே, பெரியம்மாக்கள்கூட எழுந்து ஆடுவார்களே, அந்த ஸ்பானிய மொழி ஆட்டப்பாட்டு. இந்த உடைசலுக்கும் அதற்கும் என்ன உறவு என்று அவனிடம் சண்டை போட்டேன். பிறகு உட்கார்ந்து கேட்டேன். பிறகு படித்தேன். இளவயதில் உறுமி மேளக் குழுவில் இருந்தவன் என்பதால் தாளம் என்றால் எனக்குக் கொஞ்சம் வீம்பு அதிகம்.

அவன் கேட்டது, ரெக்கேட்டானையும் அதற்கு மூத்த ஜமைக்க ஆட்ட இசையான டான்ஸ்ஹாலையும் பரிசோதனை மின்னிசையோடு சேர்க்கும் இசை. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் மூன்று விஷயம் சொல்வார்கள். ரெகேயும் ரெக்கேட்டானும் ஒன்றுதான் என்பது முதலாவது. பரிசோதனை மின்னிசை என்றால் கணினியில் கைக்கு வந்ததை அமுக்குவது என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்தால் ரோஜாக் என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் எளிதாகத் திருத்திவிடலாம். ஆளைத் தவறான வழியில் கொண்டுபோய் விடுவது ரோஜாக்தான். ரோஜாக்கில் வெள்ளரிக்காய் வெள்ளரிக்காயாகவே இருக்கும், அன்னாசி அன்னாசியாகவே இருக்கும். மேலே கறுப்புச் சாறு ஊற்றிக் கிளறிவிட்டால் முடிந்தது. இங்கே நடப்பது அது இல்லை.

முதலில் காலும் கையும்

மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் எட்டு எழுத்து. நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இப்போது முதல் எழுத்திலும் ஐந்தாம் எழுத்திலும் காலைத் தரையில் தட்டுங்கள். எட்டைச் சரிபாதியாக வெட்டுகிறது கால். அது நேராக நடக்கும், ஒரு குழப்பமும் இல்லை.

கையை நான்காம் எழுத்திலும் ஏழாம் எழுத்திலும் தட்டுங்கள். அதாவது இரண்டாவது 'தகிட' தொடங்கும் இடத்திலும், 'தக' தொடங்கும் இடத்திலும்.

முதலில் தடுமாறும். நான்கில் கை விழுந்த அடுத்த எழுத்திலேயே கால் விழ வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும்: டும்… சக்-டும்.. சக். பத்து முறை செய்தால் வந்துவிடும். வந்ததும் இடுப்பு தானாக அசையும். கால் ஒரு கணக்கில் போக, கை இன்னொரு கணக்கில் வெட்ட, அந்த இழுபறியை உடம்பு நடுவில் நின்று தீர்த்துக்கொள்கிறது. அதுதான் அந்த அசைவு.

உங்கள் கால் செய்ததைப் பாட்டில் செய்வது கிக், அதாவது டிரம் செட்டில் மிதித்து அடிக்கும் பெரிய முரசு. கை செய்ததைச் செய்வது ஸ்னேர், சுள்ளென்று ஒலிக்கும் சின்ன முரசு. இரண்டும் சேர்ந்த இந்த அடிக்கு டெம்பவ் என்று பெயர். ஸ்பானிய மொழி பேசுபவர்கள் வாயில் அது 'டெம்போ' என்றே விழும். வேகத்தைக் குறிக்கும் டெம்போவோடு குழம்பும் என்பதால் நான் டெம்பவ் என்றே எழுதுகிறேன். ஒரு நிமிடத்துக்கு 96 கால் அடி என்று வைத்துக்கொண்டால், எட்டு எழுத்தும் ஒன்றேகால் விநாடியில் முடிந்துவிடும். ரெக்கேட்டான் பாட்டுகள் பெரும்பாலும் இந்த வேகத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன.

டான்ஸ்ஹால் இதற்கு மூத்தது. எலும்பு அதே மூன்று-மூன்று-இரண்டுதான். ஆனால் பல டான்ஸ்ஹால் தாளங்களில் கிக்கே நேர்வழியை விட்டுவிட்டு அந்த மூன்று-மூன்று-இரண்டில் போய் விழும். நேர்நடையை நாமே மனத்துக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். ரெக்கேட்டான் அந்த நேர்நடையையும் வெளியே அடித்துக் காட்டிவிடுகிறது. அதனால்தான் புதியவர்களுக்கு ரெக்கேட்டானில் ஆடுவது சுலபம்.

கிங்ஸ்டனிலிருந்து சான் ஹுவான் வரை

ரெகே ஜமைக்காவின் பழைய இசை. டான்ஸ்ஹால் அதன் பிள்ளை. ஆட்டக்கூடத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். அங்கே பாட்டைவிடத் தாளத்துக்குத்தான் மதிப்பு. ஒருவர் ஒரு தாளப் பின்னணியை உருவாக்குவார். அதன் பெயர் ரிடிம். ஒரே ரிடிம்மேல் இருபது பாடகர்கள் இருபது பாட்டுப் பாடுவார்கள். திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. ஒரே மெட்டில் எத்தனை காவடிப் பாட்டு நம்மிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் நமக்கு இது புதிதில்லை.

1985-இல் கிங் ஜாமி என்ற தயாரிப்பாளர் 'ஸ்லெங் டெங்' என்ற ரிடிமை வெளியிட்டார். முழுக்க மின்கருவியில் உருவான அந்த ரிடிம் ஜமைக்காவையே புரட்டிப்போட்டது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? கேசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டில், பொத்தானை அமுக்கினால் ஓடும் தயார்த் தாளம் ஒன்றிலிருந்து. கருவிக்குள் அதை வைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். கேசியோவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அவர், படிக்கும்போதே ரெகேயில் மூழ்கியவர். ரெகே கேட்டு வளர்ந்த ஜப்பானியப் பெண் கருவிக்குள் வைத்தது, ஜமைக்காவுக்கே திரும்பிப் போய் அங்கே புது இசையாகிவிட்டது. இந்தக் கதை எனக்குச் சலிப்பதே இல்லை.

டெம்பவ் அடியின் வேர் 1989-இல் ஸ்டீலி, கிளீவி என்ற இரு ஜமைக்கர்கள் செய்த 'ஃபிஷ் மார்க்கெட்' ரிடிம். அதை அடியொற்றிய பின்னணியில் ஷப்பா ராங்க்ஸ் 1990-களின் தொடக்கத்தில் பாடிய 'டெம் பவ்' என்ற பாட்டின் பெயரே அடிக்கும் பெயராகிவிட்டது. 2021-இல் ஸ்டீலி, கிளீவி தரப்பு அமெரிக்காவில் வழக்குப் போட்டது. பிறகு அந்த வழக்கில் நூறு பேருக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இழுக்கப்பட்டார்கள். ஒரு தாள அடிக்கு யார் சொந்தக்காரர்? தவில்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் உழைத்தவன் கைக்குக் காசு போகவில்லை என்ற வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

இது ஸ்பானிய மொழிக்குள் நுழைந்த வழி பனாமா. 1914-இல் திறந்த பனாமா கால்வாயை வெட்ட ஜமைக்கா, பார்படோஸ் போன்ற தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் கூலிகள் போனார்கள். மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் கப்பலேறிய அதே காலம். நம்மவர்கள் தப்பையும் உறுமியையும் கொண்டுவந்தார்கள். அங்கே போனவர்களின் பேரப்பிள்ளைகள் காதை ஜமைக்காவின் பக்கமே வைத்திருந்தார்கள். 1980-களில் எல் ஜெனரல், நாண்டோ பூம் போன்றவர்கள் அந்தத் தாளத்தில் ஸ்பானிய மொழியில் பாடத் தொடங்கினார்கள். அங்கிருந்து நியூயார்க், பிறகு புவெர்ட்டோ ரிக்கோ. தலைநகர் சான் ஹுவானில் ஏழைக் குடியிருப்புகளில் கேசட்டாகச் சுற்றிய இந்த இசையை 1995-இல் போலீஸ் கடை கடையாகப் புகுந்து பறிமுதல் செய்தது. 2004-இல் டாடி யாங்கியின் ஒரே பாட்டு அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு நடந்தது கல்யாண மண்டபம் வரை எல்லோருக்கும் தெரியும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ரெகேக்குப் பிறந்தது டான்ஸ்ஹால். டான்ஸ்ஹால் பனாமா வழியாக ஸ்பானிய மொழி பேசி ரெக்கேட்டான் ஆனது. மூன்று-மூன்று-இரண்டு என்ற எலும்பு இரண்டுக்கும் பொது.

தேயிலை எது?

இப்போது காப்பிக்கடைக்கு வாருங்கள். 'தே' என்றால் பாலும் சீனியும் உண்டு. 'தே-ஓ' என்றால் பால் இல்லை. 'தே-ஓ கோசோங்' என்றால் சீனியும் இல்லை. கோசோங் என்ற மலாய்ச் சொல்லுக்குக் காலி என்று பொருள். அத்தனையும் போன பிறகும் அது தேநீர்தான். தேயிலையையும் எடுத்துவிட்டால்தான் வெந்நீர்.

பரிசோதனை மின்னிசைக்காரர்கள் டான்ஸ்ஹாலிடமும் ரெக்கேட்டானிடமும் கேட்கும் கேள்வி இதுதான். எவ்வளவு எடுக்கலாம்? எது தேயிலை?

'பரிசோதனை' என்ற சொல் பயமுறுத்துகிறது. பாட்டுக்கு வழக்கமாக இருக்கும் ஒன்றை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, பாட்டு நிற்கிறதா விழுகிறதா என்று பார்ப்பது. அவ்வளவுதான். ஐரோப்பியக் கலைக்கூடங்களில் பிறந்த பழக்கம் என்று இதைப் பற்றி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1970-களில் ஜமைக்காத் தலைநகர் கிங்ஸ்டனில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கிங் டப்பி, பதிவான பாட்டிலிருந்து குரலை உருவி எடுத்தார். முரசையும், அடியில் முழங்கும் தாழ்ந்த ஒலியான பாஸையும் மட்டும் விட்டார். ஒரு சொல்லை மட்டும் எதிரொலிக்க விட்டு மீதியை அணைத்தார். அந்த முறைக்கு டப் என்று பெயர். கோசோங் போடுவதைக் கற்றுக்கொடுத்ததே ஜமைக்காதான். நாகரிகமான மின்னிசை வந்து முரட்டு ஆட்டப்பாட்டைக் கைதூக்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடிக்கும் இடம் ஒன்று, அடிக்கும் பொருள் வேறு

முதல் வேலை ஒலியில் நடக்கிறது. நான்காம், ஏழாம் எழுத்தில் ஏதோ ஒன்று விழ வேண்டும். அது ஸ்னேராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கண்ணாடி உடையலாம், கதவு அடிக்கலாம், யாரோ மூச்சுவிடலாம். இப்படி ஒரு ஒலியைத் தேர்ந்து, நீட்டி, நசுக்கி, வேறொன்றாக்கும் வேலைக்கு ஒலி வடிவமைப்பு என்று பெயர். கிங்ஸ்டனின் இக்விநாக்ஸ் குழுவின் பதிவுகளில் பறவைக் குரல்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்களுடைய 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயரிலேயே பறவை உண்டு. அடுத்த ஆண்டு வந்த தொகுப்புக்குப் பனாமாவில் கூலி வேலை செய்து திரும்பிய ஜமைக்கரைக் குறிக்கும் பழைய சொல்லைப் பெயராக வைத்தார்கள். எங்கிருந்து வந்தோம் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

லண்டனில் தி பக் என்ற பெயரில் இயங்கிய கெவின் மார்ட்டின் எதிர்ப்பக்கம் போனார். டான்ஸ்ஹால் பாடகர்களின் குரலுக்கடியில், ஸ்பீக்கர் கிழிகிறதோ என்று பயப்படுமளவுக்கு முறுக்கிய பாஸ். நியூயார்க்கின் டிஜே பைத்தான் அதே டெம்பவ்வை எடுத்து மேலே பனிமூட்டம் போல மெல்லிய ஒலிகளைப் படரவிட்டார். அவருடைய இசையை 'டீப் ரெக்கேட்டான்' என்கிறார்கள். இரவு கடைசி ரயிலில் கேட்க உகந்தது. டொமினிக்கன் குடியரசில் பிறந்த கெல்மன் டுரான், பழைய பாட்டுகளிலிருந்து குரல் துணுக்குகளை வெட்டிச் சுழலவிடுகிறார். யாருடைய நினைவோ தூரத்தில் ஓடுவது போல இருக்கும்.

என் மருமகன் அன்று போட்டது ஆர்க்கா. வெனிசுவேலாவின் கராகஸில் பிறந்தவர், திருநங்கை. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கோடு வேலை செய்தவர். 2020, 2021 ஆண்டுகளில் ஐந்து பாகமாக வந்த 'கிக்' தொகுப்புகளில் ரெக்கேட்டானை உலோகத்தாலும் கண்ணாடியாலும் திரும்பக் கட்டிப் பார்த்தார். இதில் ஒரு முரண் உண்டு. பெயர் தந்த அந்த ஷப்பா ராங்க்ஸ் பாட்டு ஓரினச் சேர்க்கையாளர்களை வெளிப்படையாகவே இழிவுபடுத்திய பாட்டு. முப்பது ஆண்டு கழித்து, அந்த அடியின்மேல் ஏறி நின்று அதை முறித்துக் கட்டுகிறவர்களில் பலர் அந்தப் பாட்டு விரட்டியவர்கள். அடிக்குச் சொல் தெரியாது. யார் மிதித்தாலும் அது ஆடும்.

இவர்கள் ஒவ்வொருவரும் மாற்றுவது வேறு வேறு. விடாமல் பிடித்திருப்பது மட்டும் ஒன்று: அடி விழும் இடம்.

வரவேற்பறையில் ஒரு சோதனை

சொன்னால் போதாது, செய்து பார்ப்போம் என்று மருமகன் மடிக்கணினியைத் திறந்தான். திரையில் வரிசையாக 16 கட்டம். எட்டெழுத்து இரண்டு சுற்று. சாதாரண ரெக்கேட்டான் ஒன்றைப் போட்டு ஓடவிட்டான். நான் காலைத் தட்டினேன்.

ஒவ்வொன்றாக அணைத்தான். மேலே கிணுகிணுக்கும் ஹை-ஹேட் போனது. பாஸ் போனது. மெட்டு போனது. கடைசியில் கிக்கையும் அணைத்தான். மிஞ்சியது இரண்டே இரண்டு அடி, நான்கிலும் ஏழிலும். என் கால் நிற்கவில்லை. இல்லாத கிக்கை நானே தரையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். சிறுவயதில் ஏழெட்டு வருடம் பரதம் கற்றவள். அவள் முன்கதை கேட்டிருக்கவில்லை. வெறும் அந்த இரண்டு அடி மட்டும் காதில் விழ, நின்றபடியே தொடையில் தட்டினாள். "தகிட தகதகிட," என்றாள். மூன்றும் ஐந்தும்.

அவள் சொன்னது தப்பே இல்லை. நான்கிலிருந்து ஏழுக்கு மூன்று எழுத்து. ஏழிலிருந்து அடுத்த சுற்றின் நான்குக்கு ஐந்து எழுத்து. சமம், அதாவது சுற்று தொடங்கும் இடம், எங்கே என்று தெரியாதவளுக்கு நான்குதான் சமம். ஒரே ஒலி, ஒரே நேரம், ஒரே வீடு. எனக்கு ரெக்கேட்டான், அவளுக்கு வேறு தாளம்.

மருமகன் சுற்றுக்கு ஒரே ஒரு கிக்கை முதல் எழுத்தில் திரும்ப வைத்தான். அக்கா இரண்டு சுற்று கேட்டாள். "ஓ, எடுப்பு தள்ளி இருக்கா?" என்றபடி கால் மாற்றிக்கொண்டாள்.

தேயிலை கிடைத்துவிட்டது. இரண்டு குறுக்கு அடி, ஒரு சமம். அந்தச் சமம் காதில் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை, நினைவில் இருந்தால் போதும். அதனால்தான் இந்த இசைக்காரர்கள் தாளத்தை முதலில் சில விநாடிகள் தெளிவாகக் காட்டுவார்கள், பிறகு உருவுவார்கள். நாம் தொலைந்துபோகும் நேரம் பார்த்து ஒரு கிக்கைத் திரும்பப் போடுவார்கள். மிச்சத்தைக் கேட்கிறவர் உடம்பு வாசிக்கிறது. ரெக்கேட்டானே கேட்டிராதவருக்கு இது சத்தமாகக் கேட்பதில் வியப்பில்லை. வாசிக்க அவரிடம் நினைவு இல்லை.

நல்லதையும் போலியையும் பிரிக்கவும் இதே சோதனை உதவும். முழு டெம்பவ்வும் அப்படியே ஓட, மேலே நாலு விசித்திரச் சத்தம் தூவியிருந்தால் அது கறுப்புச் சாறு ஊற்றிய ரோஜாக். எல்லாவற்றையும் எடுத்துக் காலும் மறந்துபோனால் வெந்நீர். நான் கேட்டதில் பாதி இந்த இரண்டில் ஒன்று. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டு உறுமல்

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைப்பவர்களுக்குப் பாடகி எம்.ஐ.ஏ.வை நினைவூட்டலாம். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம். 2005-இல் வந்த முதல் தொகுப்பில் ரோலண்ட் எம்சி-505 என்ற மின் தாளக்கருவியை வைத்தே டான்ஸ்ஹாலையும் மின்னிசையையும் கலந்தார். 2007-இல் வந்த இரண்டாவதில் உறுமியையே உள்ளே கொண்டுவந்தார்.

உறுமி வாசித்தவர்களுக்கு இது ஏன் பொருந்தியது என்று புரியும். அதன் ஒரு முகத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியால் தேய்ப்போம். தேய்க்கும் அழுத்தத்துக்கேற்ப ஒலி கீழிருந்து மேலே வழுக்கி ஏறும். கணினியில் பாஸை வளைத்து வழுக்கவிட மணிக்கணக்கில் மெனக்கெடுகிறார்களே, அந்த ஒலியைத் தோலும் குச்சியும் எப்போதோ செய்துவிட்டன. தைப்பூசத்தன்று டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு நடந்தவர் யாரும் அதை அடிவயிற்றில் உணராமல் இருந்திருக்க மாட்டார்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ஆர்க்காவில் தொடங்க வேண்டாம். 1990-களின் டான்ஸ்ஹால் ஒரு வாரம், பழைய புவெர்ட்டோ ரிக்கோ ரெக்கேட்டான் ஒரு வாரம். கால் அடியைப் பிடித்துக்கொண்டதும் டிஜே பைத்தான், பிறகு இக்விநாக்ஸ். கைப்பேசி ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பாஸ் இருக்கிற ஹெட்ஃபோன் வேண்டும். முதல் தடவை ஒலியைக் கவனிக்காமல் நான்கையும் ஏழையும் மட்டும் தேடுங்கள்.

சோதனை நடந்த அதே சாயங்காலம், அலமாரிமேல் கிடந்த என் உறுமியை மருமகன் இறக்கச் சொன்னான். பல வருடம் தொடாத தோல் தளர்ந்திருந்தது. கயிற்றை இழுத்துக்கட்டி ஒரே ஒருமுறை தேய்த்தேன். அவன் கைப்பேசியில் பதிந்து, பின்னோக்கி ஓடவிட்டு, பாதி வேகமாக்கி, ஏழாம் கட்டத்தில் வைத்தான். ஒலியைக் கூட்டினான்.

சமையலறையிலிருந்து அக்கா கத்தினாள்: "யாருடா லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டது?"

கத்தினாளே தவிர, கரண்டியால் சட்டி விளிம்பில் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். நான்கிலும் ஏழிலும்.